யூகோஸ்லாவியப் போர்க்காலத் தினார் தாள்கள் (1992–1994)

யூகோஸ்லாவியா சிதறியபின் செர்பியாவும் மாண்டினீக்ரோவும் சேர்ந்து அமைத்த கூட்டாட்சி வெளியிட்ட பணத்தாள்கள். பெல்கிரேடின் டோப்சிதெர் அச்சகத்தில் அச்சானவை. இவற்றுள் மிகப் பெரியது 1993இல் வந்த 50,000 கோடி தினார் தாள். கவிஞரும் மருத்துவருமான யோவான் யோவானோவிச் ஸ்மாய் அதில் இருக்கிறார். 5இன் பின்னால் பதினொரு சுழியங்கள்.

குரோவேசியாவிலும் போஸ்னியாவிலும் போரிட்ட செர்பியப் படைகளின் செலவையும் நட்டத்தில் ஓடிய ஆலைகளின் சம்பளத்தையும் ஈடுகட்ட, செர்பிய அதிபர் மிலோசெவிச்சின் ஆட்சி அச்சகத்தைக் கறவை மாடாக்கியது. 1992 மே 30இல் ஐ.நா. விதித்த தடைகளே காரணம் என்று அரசு சொல்லிவந்தது. தடைகள் வறுமையைக் கூட்டின. விலையை ஏற்றியது அச்சகம்தான்.

வகைப்பாடு: தாளிலுள்ள ஆண்டை மட்டும் நம்பிப் பிரித்தால் குழப்பமே மிஞ்சும். 1992 ஜூலையில் பத்துப் பழைய தினார் ஒரு தினாராயிற்று. 1993 அக்டோபர் 1இல் 10 லட்சம் ஒன்றாயிற்று. 1994 ஜனவரி 1இல் 100 கோடி ஒன்றாயிற்று. ஆகவே 1993 என்று அச்சிட்ட தாள்களிலேயே இரு வரிசைகள் உண்டு. அறிவியலாளர் நிக்கோலா டெஸ்லா முதல் வரிசையில் 1,000 கோடித் தாளிலும், அடுத்ததில் வெறும் 5,000 தினாரிலும் இருக்கிறார். மதிப்புக் கணக்கில் சின்னத் தாள் பெரியதில் சரிபாதி. 1994 வரிசையில் அவருக்குக் கிடைத்தது 100 தினார். இந்த வரிசையின் 1 கோடித் தாள் தனி ரகம்: முந்தைய ஆண்டின் தாள்மேலேயே 1994 என்று மேலச்சு அடித்து விட்டார்கள். அவசரம் அப்பட்டம். ஸ்மாயின் 50,000 கோடியோ புத்தாண்டன்று 500 தினாராகச் சுருங்கியது.

குரோவேசியாவிலிருந்து பிரிந்து, கினினைத் தலைநகராகக் கொண்ட கிராயினா செர்பியர்களும் தனித் தாள் அச்சிட்டு, 5,000 கோடிவரை போனார்கள்.

1994 ஜனவரியில் மாதப் பணவீக்கம் 31 கோடி விழுக்காட்டைத் தாண்டியது. சம்பளம் கைக்கு வந்ததும் ஜெர்மன் மார்க்காக மாற்றிக்கொள்ளத் தெருவுக்கு ஓடுவதே வழக்கம். மூலைக்கு மூலை தரகர்கள் ‘தெவிஸே, தெவிஸே’ (அந்நியச் செலாவணி) என்று முணுமுணுத்தபடி நிற்பார்கள்.

ஜனவரி 24இல், உலக வங்கியில் பணியாற்றியிருந்த பொருளியலாளர் டிராகோஸ்லாவ் அவ்ராமோவிச்சின் திட்டப்படி, ஒரு மார்க்குக்கு ஒன்று என்ற புதிய தினார் வந்தது. பழையதில் ஏறத்தாழ 1.3 கோடி கொடுத்தால் புதியது ஒன்று. செர்பியா இன்றும் தினாரில் இருக்கிறது. மாண்டினீக்ரோ யூரோவுக்குப் போய்விட்டது.