குனிய வைத்த காய்ச்சல்

2006-ஆம் வருஷத்தை நம்மில் யாரும் லேசில் மறந்திருக்க மாட்டோம். தெருவில் நடந்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சொம்பைத் தூக்க முடியவில்லை, பல் தேய்க்க பிரஷ்ஷைப் பிடிக்க முடியவில்லை என்றார்கள். கோழிக்கறி தின்றால் வரும் என்று யாரோ கிளப்பிவிட, ‘சிக்கன்’ குனியா என்றே பலரும் சொன்னார்கள். கறிக்கடைக்காரர் ஈ ஓட்டினார். ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் நிலவேம்புக் கஷாயம் கொதித்தது.

பெயருக்கும் கோழிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 1952-இல், இன்று தான்சானியா எனப்படும் டாங்கனிகாவின் தெற்கே மகோண்டே பீடபூமியில் இந்தக் காய்ச்சல் பரவியது. மரியன் ராபின்சன், லம்ஸ்டன் என்ற இருவர் அதைப் பற்றி 1955-இல் எழுதினார்கள். உடம்பை வளைத்துவிடுவது என்ற பொருளில் அந்த ஊர் மக்கள் சொன்ன சொல்லே நோய்க்குப் பெயரானது. தமிழிலும் ‘குனி’ என்றால் அதே பொருள்தான். தற்செயல்தான், ஆனால் இதைவிடப் பொருத்தமான தற்செயலை நான் கண்டதில்லை.

நமக்கு இது புதுசும் அல்ல. 1964-இல் சென்னையிலும் வேலூரிலும் பெரிய அளவில் வந்து போயிருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ரூத் மயர்ஸ், டொனால்ட் கேரி முதலானோர் நோயாளிகளின் ரத்தத்திலிருந்தும் கொசுவிலிருந்தும் வைரஸைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். 1973-இல் மகாராஷ்டிராவின் பார்சியில் ஒருமுறை தலைகாட்டிவிட்டு முப்பது வருஷத்துக்கு மேல் காணாமல் போனது. திரும்பி வந்தபோது இளம் டாக்டர்களில் பலர் அதைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தார்கள். 2006-இல் இந்தியா முழுவதும் அரசுக் கணக்கிலேயே சுமார் 13.9 லட்சம் பேர். கணக்கில் வராதவர்கள் எத்தனை என்று உங்கள் தெருவை நினைத்துப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நான் எழுத வந்தது அந்தக் காய்ச்சலைப் பற்றி அல்ல. காய்ச்சல் போன பிறகு போகாத வலியைப் பற்றி.

அப்போது நான் ஓர் அலுவலகத்தில் பிரிவு கண்காணிப்பாளர். எங்களிடம் ஓர் அலுவலக உதவியாளர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பழைய பதிவேடுகளை மாடிக்கும் கீழுக்கும் சுமக்கிற வேலை. செப்டம்பரில் அவருக்குக் காய்ச்சல். ஒரு வாரத்தில் வேலைக்கு வந்தார். அடுத்த வாரம் மறுபடி லீவு. டிசம்பரில் மூன்றாவது முறையாக மெடிக்கல் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தார். தொடையும் கெண்டைக்காலும் உள்ளுக்குள்ளே நோகிறது, மாடிப்படி ஏற முடியவில்லை என்றார். வீக்கம் இல்லை. காய்ச்சல் இல்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எல்லாம் சரியாக இருந்தது.

“சார், வீங்கியிருந்தா காட்டலாம். வலியை எப்படி சார் காட்டுறது?” என்றார்.

காய்ச்சல் குணமாகி மூன்று மாதம் ஆகிறது, நோய்க்கான புறச்சான்று ஏதும் இல்லை என்று கோப்பில் குறிப்பு எழுதினேன். மேலே கையெழுத்தானது. அவருடைய 23 நாட்கள் ஊதியமில்லா விடுப்பாயின. ஆள் நடிக்கிறார் என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. நினைத்தேன். அதே வருஷம் என் மனைவிக்கும் அந்தக் காய்ச்சல் வந்து, பொங்கல் வரை தரையில் உட்கார்ந்து எழ முடியாமல் இருந்தாள். அவளிடம் நான் சான்று கேட்கவில்லை.

போன வருஷம் முழங்கால் வைத்தியத்துக்குப் போய்வந்த நாட்களில் இந்தப் பழைய கதையை என் தங்கை மகளிடம் சொன்னேன். அவள் உயிரியல் ஆசிரியை. “மாமா, இதைப் படிச்சுப் பாருங்க” என்று ஓர் ஆய்வுக் கட்டுரையை அச்செடுத்துக் கொடுத்தாள். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் சிமோனா ஓஸ்டென் என்பவரும் கூட்டாளிகளும் செய்தது. 2007 ஜூனில் வெளியானது. பாதி புரியவில்லை. அவளை உட்கார வைத்துப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

அதற்கு முன் தவளைக் காலுக்குப் போக வேண்டும். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் மௌரோ என்று ஓர் உயிர் இயற்பியலாளர். தவளையின் கால் தசையை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது ஒவ்வொரு தசைநாரின் ஓரத்திலும், நாருக்கும் அதைச் சுற்றிய மெல்லிய உறைக்கும் நடுவே, சின்னஞ்சிறு செல்கள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். சாதாரண மைக்ராஸ்கோப்பில் இவை தசைநாரின் சொந்த உட்கருக்களைப் போலவே தெரியும். அதனால் அதுவரை கண்ணில் படாமல் இருந்தன. 1961-இல் மூன்றே பக்கத்தில் எழுதி வெளியிட்டார். ஓரத்தில் ஒட்டி இருப்பதால் ‘சாட்டிலைட் செல்’ என்று பெயர் வைத்தார். ககாரின் பூமியைச் சுற்றிவந்ததும் அதே வருஷம்தான்! தசை அடிபட்டால் அது மறுபடி வளர்வதற்கும் இந்தச் செல்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அப்போதே ஊகித்தார்.

ஊகம் சரி. இன்று இவற்றைத் தசையின் ஸ்டெம் செல்கள் என்கிறார்கள். வீட்டுத் திண்ணையிலேயே படுத்துத் தூங்கும் கொத்தனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் நன்றாக இருக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். விரிசல் விட்டால் எழுந்து, பலராகப் பெருகி, பூசிவிட்டு, சிலர் மறுபடி திண்ணைக்கே போய்ப் படுத்துக்கொள்வார்கள். இந்தக் கொத்தனார் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2011-இல்தான் உறுதியான விடை கிடைத்தது. எலிகளில் இந்தச் செல்களை மட்டும் அழித்துவிட்டுத் தசையைக் காயப்படுத்தினார்கள். தசை மீண்டு வளரவில்லை. அந்த வருஷம் இதைக் காட்டிய ஆய்வுகளில் ஒன்றும் பாஸ்டர் நிறுவனத்தில் நடந்ததுதான். அதன் முதல் ஆசிரியர் பெயர் ராம்குமார் சாம்பசிவன். அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லத் தேவையில்லை.

இனி ஓஸ்டென் கட்டுரைக்கு வருகிறேன். நமக்கு வந்த அலைக்குச் சற்று முன்பு, 2005–2006-இல், இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவை சிக்குன்குனியா புரட்டிப் போட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவர்கள் கப்பலேறிப் போன தீவு அது. ஏழே முக்கால் லட்சம் பேர் கொண்ட ஊரில் மூன்றில் ஒருவருக்கு நோய். பிரான்ஸ் தன் ஆய்வகங்களை முடுக்கிவிட்டது. வலி ஏன் இப்படி நீடிக்கிறது என்பது அவர்களுக்கும் கேள்வியாக இருந்தது.

ஓஸ்டென் குழு, தசைநோவு கடுமையாக இருந்த இரண்டு நோயாளிகளின் தசையிலிருந்து சிறு துண்டுகளை எடுத்துப் பார்த்தது. ஒருவருக்கு நோய் புதிது. மற்றவருக்குக் காய்ச்சல் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இந்த ‘மூன்று மாதம்’ என்ற இடத்தில் நான் தாளைக் கீழே வைத்துவிட்டேன். என் கோப்புக் குறிப்பிலும் அதே மூன்று மாதம்தான்.

வைரஸின் புரதத்தைக் காட்டிக்கொடுக்கும் சாயத்தைப் போட்டுப் பார்த்தபோது, தசைநார்களில் வைரஸின் சுவடு இல்லை. ஓரத்தில் இருந்த சாட்டிலைட் செல்களுக்குள் மட்டும் இருந்தது. இது எதேச்சையா என்று பார்க்க, மனிதத் தசையிலிருந்து அந்தச் செல்களைத் தனியே பிரித்துத் தட்டில் வளர்த்து வைரஸை விட்டார்கள். செல்களுக்குள் அது தாராளமாகப் பெருகியது. அதே செல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து முதிர்ந்து தசைநாராக மாறிய பிறகு விட்டால், கிட்டத்தட்ட உள்ளே நுழையவே இல்லை. சுவரை விட்டுவிட்டுக் கொத்தனாரைப் பிடித்திருக்கிறது.

இரண்டே நோயாளிகள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. நாற்பது வருஷம் கோப்பு பார்த்தவன், இரண்டு ஆவணத்தை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். அவர்களும் எழுதவில்லை. 2008-இல் அதே நிறுவனத்திலிருந்து வந்த எலி ஆய்வு, தசை, மூட்டு, தோல் ஆகியவற்றில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத்திசு செல்களையே முக்கிய இலக்காகக் காட்டியது. நீண்ட வலிக்கெல்லாம் ஒரே காரணம் என்று யாரும் சொல்லவில்லை; உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தி கிளப்பும் வீக்கத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் காய்ச்சல் போய் மூன்று மாதம் ஆன ஒரு மனிதரின் தசைக்குள், வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாத இடத்தில், வைரஸின் மிச்சம் இருந்தது. அது கண்ணால் பார்த்த சாட்சி. நான் கேட்ட புறச்சான்று அதுதான். என்ன, அது வெளியே இல்லை, உள்ளே இருந்தது.

இந்தக் கட்டுரை வெளியானபோது நான் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அவரும் அதே மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார். பக்கவாட்டாக, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறுவார். அவர் ஓய்வு பெற்ற அன்று பொன்னாடை போர்த்திப் பேசியதும் நான்தான். உழைப்பாளி என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டார்.

2014-இல் காலமாகிவிட்டார். பணிப்பதிவேட்டை அவ்வளவு சுலபமாக அழிக்க மாட்டார்கள். அந்த 23 நாட்களும் அதில் என் குறிப்பு எண்ணோடு இருக்கும்.