எழுத்து வரும்வரை

மண்டூர்த் துறையில் குருமண்வெளிக்குப் போகிற பாதைக்குக் காத்து நிற்கும்போது போனில் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறோம். தலைப்புப் பட்டி வருகிறது, படம் வருகிறது, எழுத்து இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறும் வெள்ளை. கொஞ்சம் பொறுத்தால் எழுத்து டக்கென்று வந்து விழுகிறது. "சிக்னல் சரியில்ல" என்று சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம். ஆனால் பிழை முழுக்கச் சிக்னலில் இல்லை. எது வரும்வரை எது காத்திருக்கவேண்டும் என்று பிரவுசருக்கு ஒரு விதி இருக்கிறது. அந்த விதி வந்த கதையில் தமிழும் இருக்கிறது.

1994 ஒக்டோபரில் ஹாகோன் வியும் லீ சிஎஸ்எஸ்ஸை முன்மொழிந்தார். 1995இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கினார். இரண்டும் ஒரே பக்கத்துக்குள் வந்தபிறகுதான் சிக்கல் தொடங்கியது. எங்கட கூத்தை வைத்துச் சொன்னால் கெதியா விளங்கும். பக்கத்தில் உள்ள சொற்கள்தான் கூத்தர், சிஎஸ்எஸ் அவர்களுடைய உடுப்பு. உடுப்பு வருமுன் கூத்தர் களரிக்கு வந்துவிட்டால் அலங்கோலம். அதனால் உடுப்பு வரும்வரை பிரவுசர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஸ்கிரிப்டும் நிற்கத்தான் வேண்டும். ஒரு பெட்டியின் அகலம் எவ்வளவு என்று ஸ்கிரிப்ட் கேட்டால், சிஎஸ்எஸ் வராமல் பிரவுசரால் சரியான விடை சொல்ல ஏலாது. ஆகவே சிஎஸ்எஸ்ஸுக்குப் பின்னால் எழுதப்பட்ட சாதாரண ஸ்கிரிப்ட், அந்த சிஎஸ்எஸ் வந்து சேரும்வரை ஓடாது.

தமிழில் சிக்கல் உடுப்போடு முடியவில்லை. எங்கட அண்ணன், அக்காமாருக்குப் பாமினி எழுத்துரு ஞாபகம் இருக்கும். அது கணினியில் இல்லாவிட்டால் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஆங்கிலத்துக்கு எழுத்துரு வெறும் உடுப்பு. அன்றைய தமிழுக்கு அதுதான் உயிர். 1997இல் வந்த நெட்ஸ்கேப் 4, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 இரண்டும் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்ப வழிசெய்தன. ஒன்றுக்குச் செய்த கோப்பு மற்றதுக்கு ஆகாது. ஆனாலும் தமிழ்த் தளங்களுக்கு அது பெரிய ஆறுதல். எழுத்துரு வந்து சேரும்வரை காத்திருப்பதில் அப்போது நியாயம் இருந்தது. அது வராமல் வாசிக்கவே ஏலாது.

யூனிகோட் இந்த நிலையை மாற்றியது. தமிழ் அதில் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. கணினிகளும் பிறகு போன்களும் தமிழைத் தாமாகவே காட்டத் தொடங்கின. எழுத்துரு தமிழுக்கும் வெறும் உடுப்பாகிவிட்டது.

ஆனால் காத்திருக்கிற பழக்கம் போகவில்லை. 2008இல் சஃபாரியும் 2009இல் ஃபயர்ஃபொக்ஸும் சாதாரண எழுத்துருக் கோப்புகளை இணையத்திலிருந்து எடுத்துக் காட்டத் தொடங்கின. எழுத்துரு வந்துவிட்டதா என்று நேரே கேட்க அப்போது வழி இல்லை. 2010இல் கூகுளும் டைப்கிட்டும் வெளியிட்ட ஸ்கிரிப்ட் ஒரு தந்திரம் செய்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சில எழுத்துகளை எழுதி, அவற்றின் அகலத்தைத் திரும்பத் திரும்ப அளந்தது. அகலம் மாறினால் எழுத்துரு வந்துவிட்டது என்று அர்த்தம். வழமையாக அது அளந்தது ஏழு எழுத்துகளை: பெரிய பி, இ, எஸ், சிறிய பி, எஸ், டபிள்யூ, வை. எல்லாமே ஆங்கிலம். தமிழ் எழுத்து மட்டுமே உள்ள எழுத்துரு வந்து சேர்ந்தாலும் அந்த ஏழின் அகலமும் மாறாது. ஸ்கிரிப்ட் காலக்கெடு வரை காத்திருந்துவிட்டு, "வரவில்லை" என்று முடிவெடுக்கும். தமிழ் எழுத்தைக் கொடுத்து அளக்கச் சொல்லவும் வழி இருந்தது. ஆனால் அதை நாமே எழுதிக் கொடுக்கவேண்டும். யாருடைய எழுத்தை மனதில் வைத்து நேரம் குறித்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பிரவுசர்களும் தம் பங்குக்கு எழுத்தை மறைத்தன. குரோமும் ஃபயர்ஃபொக்ஸும் 3 செக்கன் வரை வெள்ளையாக விட்டன. சஃபாரி அதற்கு மேலும் காத்திருந்தது. 2017இல் குரோம் 60 'ஃபொன்ட் டிஸ்பிளே' என்ற ஒரு வரிக் கட்டளையைக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே மற்ற இரண்டும் அதை ஏற்றுக்கொண்டன. அதில் 'ஸ்வாப்' என்று எழுதினால், போனில் இருக்கிற எழுத்துருவில் சொல் உடனே தெரியும், வடிவான எழுத்துரு வந்ததும் மாறிக்கொள்ளும்.

அந்த ஒரு வரி இன்னும் எத்தனையோ தளங்களில் இல்லை. தளம் செய்கிற நண்பர்களிடம் நாங்கள் கேட்பது இதைத்தான். உடுப்பு பிந்தினால் கூத்து கொஞ்சம் பிந்தித் தொடங்கலாம். ஆனால் மாரியில் வெல்லாவெளிப் பக்கம் வெள்ளம் ஏறும்போது, ரோட்டு மூடியதா இல்லையா என்று போனைப் பார்க்கிற சனத்துக்கு எழுத்தின் வடிவம் முக்கியமில்லை. சொல் முதலில் வரட்டும்.