பேர் வச்ச கதையும், ஒரு வரியால் வந்த வினையும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. பொட்டி தட்டாத மக்களும் தைரியமா படிக்கலாம். பயமுறுத்துற மாதிரி நிரல் எதுவும் கிடையாது, வரலாறுதான். ஆனா அதுக்கு முன்னாடி என் சொந்தக் கதை, சோகக் கதை கொஞ்சம்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி. ஆபீஸ்ல இருக்குற சுவிட்ச், ரவுட்டர் எல்லாத்தையும் புதுசா வாங்கின நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருள்ல பதிவு பண்ணணும். அதான் அன்னிக்கு ஆணி. மொத்தம் 60 சாதனங்கள். 59 சமர்த்தா உள்ளே போயிடுச்சு. மூணாவது மாடி சுவிட்ச் மட்டும் போகமாட்டேன்னு அடம். எத்தனை தடவை கொடுத்தாலும் 'நேமிங் சர்வீஸ் எரர்'னு ஒரே வரி பதில்.

இந்த மென்பொருள் எப்படி வேலை செய்யுதுன்னா, நாம சாதனத்தோட ஐ.பி. எண்ணைக் கொடுப்போம். அது முதல்ல "இந்த எண்ணுக்கு என்ன பேரு?"ன்னு கேட்கும். கிடைச்ச பேரை வச்சு, "சரி, இந்தப் பேருக்கு என்ன எண்?"ன்னு திருப்பிக் கேட்கும். ரெண்டும் ஒத்துப்போனாதான் அனுமதி. ரேஷன் கார்டுல ஒரு பேரும் வாக்காளர் அட்டையில இன்னொரு பேரும் இருந்தா தாலுகா ஆபீஸ்ல என்ன பாடுபடுத்துவாங்களோ, அதே கதை.

'என்எஸ்லுக்கப்' போட்டுப் பார்த்தேன். எண்ணுக்குப் பேரு சரியா வருது. பேருக்கு எண்ணும் சரியா வருது. பிங் போகுது. அப்போ தப்பு யாரோடது? டி.என்.எஸ். சர்வரைப் பார்த்துக்கிற நண்பரோடதுதான்னு முடிவு பண்ணி, டேமேஜருக்கும் ஒரு காப்பி போட்டு, காரசாரமா ஒரு மடல் தட்டிவிட்டேன். தூக்கத்துல இருந்த மனுஷன் எழுந்து உட்கார்ந்து ஒரு மணிநேரம் தேடினார். ஒண்ணும் கிடைக்கல.

நிற்க. இப்ப வரலாற்றுக்குப் போவோம். குற்றவாளி அங்கதான் ஒளிஞ்சிருக்கான்.

1969 அக்டோபர் 29-ம் தேதி அர்பாநெட்டில் முதல் செய்தி போனது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு. 'லாகின்' என்று தட்ட ஆரம்பித்து, ரெண்டு எழுத்து போனதும் எதிர்முனை படுத்துவிட்டது. (நம்ம தொழிலின் ஆரம்பமே அப்படித்தான் :-) அப்போ கணினிகளுக்கு வெறும் எண்தான். மனுஷனுக்கு எண் ஞாபகம் நிக்காதே! அதனால ஒவ்வொரு ஊர்லயும் ஆளாளுக்கு ஒரு பட்டியல் வச்சுக்கிட்டு, அவங்கவங்க இஷ்டத்துக்கு செல்லப்பேர் வச்சாங்க. ஒரே கணினிக்கு இங்கே ஒரு பேரு, அங்கே ஒரு பேரு.

"இது சரிப்படாது, எல்லோரும் ஒரே பேரைப் பயன்படுத்துவோம்" என்று 1971 செப்டம்பரில் பெக்கி கார்ப் என்பவர் ஆர்.எஃப்.சி. 226 எழுதினார். 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ச், ஆர்.எஃப்.சி. 606-ல், "அதிகாரப்பூர்வமா ஒரே பட்டியலை, எல்லோரும் எடுத்துக்கிற மாதிரி ஒரு கோப்பா வச்சா என்ன?" என்று கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் 'ஹோஸ்ட்ஸ் டாட் டெக்ஸ்ட்'.

அந்தக் கோப்பைப் பராமரித்தது மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தின் நெட்வொர்க் தகவல் மையம். 1972 முதல் 1989 வரை அதன் தலைவி எலிசபெத் ஃபெயின்லர். எல்லோரும் 'ஜேக்' என்றுதான் கூப்பிடுவார்கள். வேதியியல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். நெட்வொர்க்கில் ஒரு புதுக் கணினி வந்தால் இவர் மையத்துக்குத் தகவல் சொல்லணும். அவங்க கோப்பில் ஒரு வரி சேர்ப்பாங்க. மத்தவங்க எல்லாம் அதைத் தங்கள் கணினிக்கு இறக்கிக்கணும். யோசிச்சுப் பாருங்க, மொத்த நெட்வொர்க்கின் பிறப்புப் பதிவேடும் ஒரே கோப்பு!

1981 ஆகஸ்டில் அந்தப் பட்டியலில் 213 கணினிகள். சமாளிக்கலாம். 1985 அக்டோபரில் 1,961. கோப்பு பெரிதாகிறது, இறக்குறவங்க எண்ணிக்கையும் ஏறுகிறது. ரெண்டு பேர் ஒரே பேரை வச்சாத் தகராறு. எல்லாத்தையும் விட மோசம், நீங்க கோப்பை இறக்கி முடிக்கிறதுக்குள்ள எங்கேயோ ஒரு எண் மாறியிருக்கும். உங்க கையில இருக்குறது எப்பவுமே கொஞ்சம் பழைய உண்மை. (இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.)

இந்தக் கோப்பு தாங்காது என்பது முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்தில் இருந்த ஜான் போஸ்டல், அந்த வேலையைப் பால் மொகாபெட்ரிஸ் என்ற இளைஞரிடம் கொடுத்தார். 1983 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 882, 883 வந்தன. அதுதான் டி.என்.எஸ்.

யோசனை ரொம்ப எளிமை. உங்க ஊர் முருகன் வீடு எதுன்னு கலெக்டருக்குத் தெரிய வேண்டியதில்லை. எந்தத் தாசில்தாரைக் கேட்கணும்னு தெரிஞ்சாப் போதும். தாசில்தாருக்கு எந்த வி.ஏ.ஓ.னு தெரிஞ்சாப் போதும். வி.ஏ.ஓ. வீட்டைக் காட்டிடுவார். அவங்கவங்க ஊர்க் கணக்கு அவங்கவங்க பொறுப்பு. ஒரு தடவை கேட்ட பதிலை எவ்வளவு நேரம் நம்பலாம்னு கூடவே ஒரு காலாவதி நேரமும் ஒட்டி அனுப்பினார்கள். இது முக்கியமான விஷயம். பழைய கோப்பில் இருந்த வரிகளுக்கு அந்தக் காலாவதி கிடையாது.

எண்ணிலிருந்து பேரைக் கண்டுபிடிக்க வேறொரு மரம். அதுல எண்ணைத் தலைகீழா எழுதித் தேடணும். ரெண்டு மரமும் தனித்தனி. ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு தானா மாறாது. பதிவு பண்ணும்போது வர்ற பாதிப் பிரச்சினைகளுக்கு இதான் மூலம்.

மீதிப் பாதி? பழைய கோப்பு சாகல என்பதுதான். யுனிக்ஸ், லினக்ஸ் பொட்டிகளில் 'எட்சி' அடைவுக்குள்ளே ஹோஸ்ட்ஸ் கோப்பு இன்னிக்கும் இருக்கு. விண்டோஸிலும் இருக்கு. அப்போ கோப்பை நம்புறதா, டி.என்.எஸ்.ஸை நம்புறதா? அதை முடிவு பண்ணத்தான் சன் நிறுவனம் சொலாரிஸில் 'நேம் சர்வீஸ் ஸ்விட்ச்' என்று ஒன்று கொண்டுவந்தது. எதை முதல்ல கேட்கணும், எதை அப்புறம் கேட்கணும்னு ஒரு வரிசை. பெரும்பாலான பொட்டிகளில் முதல்ல கோப்பு, அப்புறம்தான் டி.என்.எஸ்.

இப்ப நம்ம சனிக்கிழமை ராத்திரிக்குத் திரும்புவோம்.

'என்எஸ்லுக்கப்' இருக்கே, அது அந்த வரிசையை மதிக்காது. கோப்பைப் பார்க்காம நேரா டி.என்.எஸ். சர்வரைப் போய்க் கேட்கும். மென்பொருளோ இயங்குதளத்தைக் கேட்கும். இயங்குதளம் கோப்பைத்தான் முதல்ல பார்க்கும். நான் ஒரு வாசல்ல விசாரிச்சுக்கிட்டு இருக்கேன், அது வேற வாசல்ல விசாரிக்குது. ரெண்டு பேருக்கும் வேற வேற பதில்.

நண்பர்தான் கேட்டார்: "பாஸ், 'கெட்என்ட்' போட்டுப் பார்த்தீங்களா?" அது அந்த வரிசைப்படியே கேட்கும் கட்டளை. போட்டேன். சுவிட்சின் பேருக்கு ஏதோ ஒரு பழைய எண் வந்துச்சு. கோப்பைத் திறந்தேன். நடுவுல ஒரே ஒரு வரி. சுவிட்சின் பேரு, பழைய எண், பக்கத்துல ஒரு குறிப்பு: 'தற்காலிகம், அப்புறம் எடுக்கணும்'. ரெண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.

கூடவே என் இனிஷியல்.

டி.என்.எஸ். சர்வரை இடம் மாத்தின ஒரு வார இறுதியில் அவசரத்துக்கு நானே போட்ட வரி. அதே பொட்டியில்தான் புது மென்பொருளையும் ஏத்தியிருந்தேன். இடையில் சுவிட்ச் மாறி, எண்ணும் மாறி, நண்பர் டி.என்.எஸ்.ல ரெண்டு மரத்தையும் ஒழுங்கா திருத்தியிருந்தார். நான்தான் ஃபெயின்லர் அம்மாவின் கோப்பை, அவங்க உழைப்பில்லாம, தனியா நடத்திக்கிட்டு இருந்திருக்கேன்.

வரியை அழிச்சேன். மென்பொருளை ஒரு தடவை நிறுத்தித் துவக்கினேன். 60-ம் உள்ளே. முதல் மடலை யார் யாருக்கு அனுப்பினேனோ அத்தனை பேருக்கும், டேமேஜர் உட்பட, தப்பு என்னுடையதுன்னு இன்னொரு மடல் அனுப்பினேன். அதைத் தட்ட எடுத்த நேரம் சுவிட்சைச் சரிபண்ண எடுத்த நேரத்தை விட ஜாஸ்தி. நண்பர் பதிலுக்கு ஒரு சிரிப்பான் மட்டும் போட்டார். திங்கட்கிழமை டீ என் செலவு.

மொகாபெட்ரிஸ் 1983-லேயே ஒவ்வொரு பதிலுக்கும் காலாவதி நேரம் வச்சுட்டார். நாம போடுற 'தற்காலிக' வரிகளுக்கு யார் வைக்கிறது?

டிஸ்கி: உங்க பொட்டியிலும் அந்தக் கோப்பைத் திறந்து ஒரு தடவை பார்த்துடுங்க. யார் இனிஷியல் இருக்குன்னு எனக்குச் சொல்ல வேண்டாம் :-)