லயம்: மலையகத்தில் அண்மையைக் குறிக்கும் சொல்

அயலவரைக் குறிக்கும் ‘நெய்பர்’ என்னும் ஆங்கிலச் சொல், பழைய ஆங்கிலத்தில் ‘அருகில்’ எனப் பொருள்படும் சொல்லும் ‘குடியிருப்பவர், உழவர்’ எனப் பொருள்படும் சொல்லும் இணைந்து உருவானதாகும். இலங்கை மலையகத்தின் நுவரெலியா, அட்டன் பகுதித் தோட்டங்களிலோ அந்த அயலுறவு ‘லயம்’ என்னும் மற்றோர் ஆங்கில வழிச் சொல்லிலேயே குடிகொண்டிருக்கிறது. அதன் மூலமான, ‘வரிசை’யைக் குறிக்கும் ‘லைன்’, ஆளிநார் நூலைக் குறித்த ‘லீனியா’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அச்சொல் பிரித்தானியர் ஆட்சியில் படைவீரரின் வரிசைக் குடியிருப்புகளுக்குப் பெயராகி, கோப்பித் தோட்டங்களிலும் பின்னர் தேயிலைத் தோட்டங்களிலும் தொழிலாளர் வாழ்ந்த அறைத்தொடர்களையும் குறித்தது. பேச்சில் ‘லயன்’ என்றும் வழங்கும் அது, தமிழின் மகர ஈற்றை ஏற்று ‘லயம்’ ஆயிற்று. இசையின் லயமும் இதுவும் ஒலியால் மட்டுமே ஒன்று. இசைச்சொல் வடமொழியிலிருந்து வந்தது.

லயத்தின் ஓர் அறை ‘காம்பரா’ எனப்படும். இது ‘காமரா’ என்னும் போர்த்துக்கீசச் சொல்லின் திரிபு. ஏறத்தாழப் பத்துக்குப் பன்னிரண்டடி அளவுள்ள காம்பராக்கள் பொதுச்சுவரால் பிரிக்கப்பட்டு ஒரே கூரையின்கீழ் நின்றமையால், ஒரு வீட்டு இருமலும் அழுகையும் அடுத்த வீட்டுக்கும் உரியவையாயின. தனிமை மறுக்கப்பட்ட அந்நெருக்கத்திலேயே துயரிலும் விழாவிலும் ஒருவரையொருவர் தாங்கும் உறவும் வளர்ந்தது. ஆகவே லயத்தை வெறும் ‘வரிசை வீடு’ எனப் பொருளுரைப்பது போதாது. அகராதிகள் இதனை மலையகத் தமிழின் தனிச்சொல்லாகவே பதிவுசெய்தல் வேண்டும்.