உட்கவர் கதிர்வீச்சளவு அலகு மாற்றம்

உட்கவர் கதிர்வீச்சளவு என்பது அயனியாக்கும் கதிர்வீச்சு ஒரு பொருளின் ஓரலகு நிறையில் விட்டுச்செல்லும் ஆற்றலின் அளவு ஆகும். இதன் அனைத்துலக முறை அலகு கிரே. இதற்கு முன் வழக்கிலிருந்த ராட் என்னும் அலகு பழைய மருத்துவக் குறிப்புகளிலும், ஐக்கிய அமெரிக்காவின் ஒழுங்குவிதிகளிலும் இன்றும் காணப்படுகிறது. 1 கிரே 100 ராட்டுக்குச் சமமானது.

வரையறைகள்

ராட் அலகு 1953 ஆம் ஆண்டில் அறிமுகமானது. ஒரு கிராம் பொருள் 100 எர்க் ஆற்றலை உட்கவர்ந்தால் அது 1 ராட். 1975 இல் கூடிய எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு, ஒரு கிலோகிராம் பொருளுக்கு ஒரு ஜூல் என்ற அளவைக் கிரே எனப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. கதிர்வீச்சு உயிரியலின் முன்னோடிகளுள் ஒருவரான பிரித்தானிய இயற்பியலாளர் லூயிஸ் ஹரோல்ட் கிரே (1905–1965) நினைவாக இப்பெயர் இடப்பட்டது.

மாற்றும் முறை

1 ஜூல் என்பது 10⁷ எர்க். 1 கிலோகிராம் என்பது 10³ கிராம். எனவே,

1 கிரே = 10⁷ எர்க் ÷ 10³ கிராம் = 10⁴ எர்க்/கிராம் = 100 ராட்
1 ராட் = 0.01 கிரே = 1 சென்டிகிரே
1 மில்லிராட் = 10 மைக்ரோகிரே
1 மெகாராட் = 10 கிலோகிரே

புற்றுநோய்க் கதிர்மருத்துவத்தில் சென்டிகிரே பெரிதும் வழங்குவதற்குக் காரணம் இதுவே. ராட்டில் பழகிய மருத்துவர்கள் எண்ணை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ள முடிந்தது. ஒரு நாளுக்குரிய வழமையான 2 கிரே சிகிச்சையளவு 200 சென்டிகிரே, அதாவது 200 ராட். அலகு குறிக்கப்படாமல் "200" என்று மட்டும் பதிவேட்டில் இருந்தால், அதைக் கிரே எனக் கொள்பவர் நூறு மடங்கு பிழை செய்வார். கணினி நிரல்களிலும் எண்ணோடு அலகையும் சேர்த்தே சேமிப்பது நன்று.

ரோண்ட்கனிலிருந்து மாற்றுதல்

ரோண்ட்கன் உட்கவர் அளவின் அலகு அன்று. எக்ஸ் கதிர்களும் காமா கதிர்களும் காற்றில் உண்டாக்கும் மின்னூட்டத்தையே அது அளக்கிறது. 1 ரோண்ட்கன் என்பது ஒரு கிலோகிராம் காற்றில் 2.58 × 10⁻⁴ கூலோம். காற்றில் ஒரு கூலோம் மின்னூட்டத்தை உண்டாக்க ஏறத்தாழ 33.97 ஜூல் தேவை. இரண்டையும் பெருக்கினால் 0.00876 கிரே, அதாவது 0.876 ராட் கிடைக்கும். இது காற்றுக்குரிய மதிப்பு. மென்திசுவில் அதே கதிர்வீச்சு ஏறத்தாழ 0.96 ராட் தரும். ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிர்களை எலும்பு இதைவிடப் பன்மடங்கு உட்கவரும். ஆகவே 1 ரோண்ட்கனை 1 ராட் எனக் கொள்ளும் பழைய வழக்கம் தோராயக் கணக்குக்கு மட்டுமே பொருந்தும்.

1986 ஆம் ஆண்டின் செர்னோபில் விபத்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கிருந்த பெரும்பாலான அளவிகளின் உச்ச வரம்பு வினாடிக்கு 0.001 ரோண்ட்கன், அதாவது மணிக்கு 3.6 ரோண்ட்கன். இது மணிக்கு ஏறத்தாழ 0.03 கிரே மட்டுமே. உண்மை அளவு இதுவே என்றால் 4 கிரே சேர ஏறத்தாழ ஐந்து நாட்கள் ஆகியிருக்கும். ஆனால் கடுங் கதிர்வீச்சு நோய் உறுதிசெய்யப்பட்ட 134 பேர், 0.8 முதல் 16 கிரே வரை பெற்றிருந்தனர். அவர்களுள் 28 பேர் அவ்வாண்டிலேயே இறந்தனர். அளவி காட்டியது கதிர்வீச்சின் அளவை அன்று, தன் வரம்பை மட்டுமே.

1950களுக்கு முந்தைய ஆய்வுக்கட்டுரைகளில் ரெப் என்னும் அலகும் காணப்படும். இது சில இடங்களில் 83 எர்க்/கிராம் என்றும், சில இடங்களில் 93 எர்க்/கிராம் என்றும் வரையறுக்கப்பட்டதால், எது கையாளப்பட்டுள்ளது என்பதைப் பார்த்த பின்னரே மாற்ற வேண்டும்.

சீவர்ட்டும் கிரேயும்

இரண்டும் ஜூல்/கிலோகிராம் என்றே எழுதப்படுவதால் குழப்பம் எளிதில் நேர்கிறது. சீவர்ட், உயிரியல் விளைவுக்கேற்ப எடையிடப்பட்ட அளவு. 1 சீவர்ட் 100 ரெம். எக்ஸ், காமா, பீட்டா கதிர்களுக்கு எடைக்காரணி 1. ஆல்பா துகள்களுக்கு 20. எனவே நுரையீரல் திசு ஆல்பா துகள்களிலிருந்து 0.01 கிரே உட்கவர்ந்தால், அதற்குச் சமான அளவு 0.2 சீவர்ட். கதிர்வீச்சின் வகை தெரியாமல் கிரேயைச் சீவர்ட்டாக மாற்ற இயலாது. மேலும் சீவர்ட் நெடுங்கால இடர்ப்பாட்டைக் கணிக்க ஏற்பட்டது. கடுங் கதிர்வீச்சு நோயைக் கிரேயில் கூறுவதே முறை.

அளவுகளின் பொருள்

மருத்துவக் கருவிகளை நுண்ணுயிர் நீக்கம் செய்ய வழமையாக 25 கிலோகிரே, அதாவது 2.5 மெகாராட் தேவை. மனிதருக்கோ, உடல் முழுவதும் குறுகிய நேரத்தில் ஏறத்தாழ 4 கிரே பட்டால், சிகிச்சையின்றிப் பாதிப்பேர் இறக்கக்கூடும். 70 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது 280 ஜூல் மட்டுமே. இவ்வளவு ஆற்றல் அவரது உடல்வெப்பநிலையை ஏறத்தாழ 0.001 பாகை செல்சியசு மட்டுமே உயர்த்தும். தீங்கு வெப்பத்தால் அன்று, உயிரணுக்களிலுள்ள மூலக்கூறுகள், குறிப்பாக டி.என்.ஏ., அயனியாக்கத்தால் சிதைவதால் விளைகிறது.