தலைவரியும் நாடாளுமன்றமும்

தமிழில் 'இறை' என்னும் சொல் அரசனையும் குறிக்கும். அவனுக்குக் குடிமக்கள் செலுத்தும் வரியையும் குறிக்கும். ஆளும் தகுதியும் வரி கொள்ளும் முறையும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதவை என்பதை இச்சொல்லே உணர்த்துகின்றது. அவ்வுண்மையை மறந்த அரசு எய்திய நிலையைப் பிரிட்டனின் அண்மைக்கால வரலாற்றில் காணலாம்.

இங்கிலாந்தில் ஊராட்சி வரியின் வேர் 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தில் உள்ளது. வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பே பிற்காலத்தில் வரியின் அளவுகோலாயிற்று. மலேசியாவில் நாம் செலுத்தும் மதிப்பீட்டு வரியும் அம்மரபின் வழிவந்ததே. அம்முறையிலும் குறை இருந்தது. தனித்து வாழும் கைம்பெண்ணும், நால்வர் பொருளீட்டும் அண்டை வீட்டாரும் ஒரே வரியைச் செலுத்த நேர்ந்தது. 1985இல் ஸ்காட்லாந்தில் வீடுகள் மறுமதிப்பீடு செய்யப்பட்டபோது வரி உயர்ந்து, மக்களின் சினமும் உயர்ந்தது.

மார்கரெட் தாட்சரின் அரசு 1986இல் புதியதொரு திட்டத்தை முன்வைத்தது. வீட்டுக்கு வரி இல்லை. வயது வந்தோர் ஒவ்வொருவரும் கட்டணம் செலுத்த வேண்டும். வாக்களிப்போர் யாவரும் வரியும் செலுத்தினால் ஊராட்சியின் செலவைக் கண்காணிப்பர் என்பது அரசின் வாதம். அரசு இதனைச் 'சமுதாயக் கட்டணம்' என்றது. மக்களோ 'தலைவரி' என்றனர். 1381இல் உழவர் கிளர்ச்சியை மூட்டியதும் தலைவரியே என்பதை அவர்கள் மறக்கவில்லை.

மசோதா நாடாளுமன்றத்தின் ஆய்வுக்கு வந்தது. ஓர் ஊரில் மாளிகைவாசியும் கூலியாளும் ஒரே தொகை செலுத்துவது அறமாகுமா என்பதே அங்கெழுந்த வினா. ஆளுங்கட்சி உறுப்பினரான மைக்கேல் மேட்ஸ், வருமானத்திற்கேற்பக் கட்டணத்தைப் பாதி, முழுமை, ஒன்றரை மடங்கு என வகுக்கும் திருத்தத்தைக் கொணர்ந்தார். 1988 ஏப்ரல் 18இல் அது தோற்றது. ஆயினும், நூறு இடங்களுக்கு மேல் பெரும்பான்மை பெற்றிருந்த அரசு அன்று 25 வாக்குகளிலேயே வென்றது. மே 23இல், செலுத்தும் ஆற்றலைக் கருத வேண்டுமென்ற திருத்தம் பிரபுக்கள் சபையில் எழுந்தது. அவைக்கு அரிதாகவே வரும் பிரபுக்களையும் அழைத்து, 317க்கு 183 என்ற கணக்கில் அரசு அதனை முறியடித்தது.

தலைவரி 1989இல் ஸ்காட்லாந்திலும், 1990இல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளிலும் நடைமுறைக்கு வந்தது. மிக வறியோரும் ஐந்தில் ஒரு பங்கு செலுத்த வேண்டியதாயிற்று. பலர் செலுத்த மறுத்தனர். 1990 மார்ச் 31இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம் வெடித்தது. அவ்வாண்டு நவம்பரில் தாட்சர் பதவி விலகினார். அதற்குரிய காரணங்களுள் தலைவரியும் ஒன்று. 1991இல் மதிப்புக் கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 17.5 விழுக்காடாக உயர்த்தி, அவ்வருவாயால் தலைவரியின் சுமையைக் குறைத்தனர். 1993இல் வீட்டின் மதிப்பைச் சார்ந்த ஊராட்சி மன்ற வரி அதன் இடத்தைப் பெற்றது.

மேட்ஸ் கேட்டது புரட்சியன்று, ஒரு திருத்தமே. அதற்குச் செவிசாய்த்திருந்தால் சட்டம் ஒருவேளை நிலைத்திருக்கும். நாடாளுமன்றம் வாக்குகளை முறைப்படி எண்ணியது. வாதங்களை எடைபோடத் தவறியது. அவையில் புறந்தள்ளப்பட்ட வினாவே பின்னர்த் தெருவில் முழக்கமாக எழுந்தது. வரலாறு பயிலும் மாணவர் நெஞ்சிற்கொள்ள வேண்டிய பாடம் இது.