பழைய கணினிகளில் வன்தட்டுக்கு மாற்றாக நினைவக அட்டை

பழைய கணினிகளில் பழுதடைந்த, அல்லது விரைவில் பழுதடையக்கூடிய வன்தட்டை நீக்கி, அதே இணைப்பில் ஃபிளாஷ் நினைவக அட்டையைப் பொருத்துவது பழங்கணினி ஆர்வலர்களிடையே பரவலாக உள்ள ஒரு முறை ஆகும். 1980களின் பிற்பகுதியிலிருந்து 2000களின் தொடக்கம் வரை வெளிவந்த, ஐ.டி.இ. இணைப்பைக் கொண்ட கணினிகளுக்குப் பெரும்பாலும் காம்பாக்ட் ஃபிளாஷ் வகை அட்டை பயன்படுத்தப்படுகின்றது. பிற இணைப்புகளைக் கொண்ட கணினிகளுக்கு எஸ்.டி. அட்டையை ஏற்கும் தனிச் சுற்றுப்பலகைகள் உள்ளன.

பின்னணி

கணினியின் பிற உறுப்புகளை விட வன்தட்டு விரைவில் முதுமை அடைகின்றது. அதில் சுழலும் தட்டுகளும் நகரும் தலைகளும் இருப்பதே இதற்குக் காரணம். தாங்கிகளில் உள்ள மசகு காய்கின்றது. பல ஆண்டுகள் இயங்காமல் கிடந்த வன்தட்டில் தலை தட்டோடு ஒட்டிக்கொள்கின்றது. 1990களில் வெளிவந்த சில வன்தட்டுகளில், தலையின் நகர்வை எல்லையில் நிறுத்தும் சிறு ரப்பர்த் துண்டு காலப்போக்கில் பசைபோல் இளகித் தலையைப் பிடித்துக்கொள்கின்றது. அதே மாதிரி வன்தட்டு வேறொன்றைத் தேடி வாங்கினாலும் அதுவும் அதே வயதுடையதாகவே இருக்கும்.

காம்பாக்ட் ஃபிளாஷின் பொருத்தம்

காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையைச் சான்டிஸ்க் நிறுவனம் 1994இல் அறிமுகப்படுத்தியது. ஒளிப்படக் கருவிகளின் வழியே இது பரவலாக அறியப்பட்டது. இவ்வட்டைக்குள்ளேயே ஒரு கட்டுப்படுத்திச் சில்லு உள்ளது. ஐ.டி.இ. வன்தட்டுகள் ஏற்கும் அதே ஏ.டி.ஏ. கட்டளைகளை இச்சில்லும் ஏற்கின்றது. அட்டையின் 50 முனைகளுள் குறிப்பிட்ட ஒன்று மின்னிணைப்புத் தொடங்கும்போது தரையிணைப்பில் இருந்தால், அட்டை முழுமையாக ஐ.டி.இ. வன்தட்டைப் போலவே நடந்துகொள்கின்றது. ஆகவே இதற்கான அடாப்டரில் மொழிமாற்றம் செய்யும் சில்லு எதுவும் தேவையில்லை. அது பெரும்பாலும் கம்பிகளை இடம் மாற்றித் தரும் பலகை மட்டுமே. விலை குறைவாக இருப்பதற்கும் இதுவே காரணம். மேசைக் கணினிகளுக்கு 40 முனை அடாப்டரும், மடிக்கணினிகளுக்கு மின்சாரத்தையும் சேர்த்துத் தரும் 44 முனை அடாப்டரும் கிடைக்கின்றன. அட்டை 5 வோல்ட்டு, 3.3 வோல்ட்டு ஆகிய இரண்டிலும் இயங்கும்.

எஸ்.டி. அட்டை அவ்வாறானதன்று. அது ஏ.டி.ஏ. கட்டளைகளை அறியாது என்பதால் இடையில் ஒரு மாற்றிச் சில்லு வேண்டும். பெயரில் ஒத்திருக்கும் சி-ஃபாஸ்ட், சி.எஃப்.எக்ஸ்பிரஸ் அட்டைகள் முறையே சாட்டா, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் முறைகளைச் சார்ந்தவை. பழைய கணினிகளில் இவை பயன்படா. வாங்குவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

கொள்ளளவும் வடிவக்கணக்கும்

இம்முறையில் நேரும் சிக்கல்களுள் பெரும்பாலானவை இங்குதான் எழுகின்றன. பழைய பயாஸ் நிரல்கள் வன்தட்டின் ஒவ்வோர் இடத்தையும் சிலிண்டர், ஹெட், செக்டர் என்னும் மூன்று எண்களால் சுட்டின. பயாஸின் வரம்பும் ஐ.டி.இ. முறையின் வரம்பும் ஒன்றுசேரும்போது 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்பதே உச்ச அளவாகின்றது. ஒரு செக்டருக்கு 512 பைட்டு வீதம் இது 52,84,82,304 பைட்டுகள், அதாவது 504 மெகாபைட்டு ஆகும். ஏறத்தாழ 1994க்கு முற்பட்ட பல கணினிகள் இதற்கு மேற்பட்ட இடத்தைக் காண்பதில்லை. அதற்கும் பழைய சில கணினிகளில் பயனர் தாமே அளவுகளைக் குறிப்பிட முடியாது. பட்டியலில் உள்ள வகைகளுள் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பின்வந்த பயாஸ் நிரல்கள் எண்களை மாற்றிக் கணக்கிட்டு இவ்வரம்பைக் கடந்தன. ஆனால் அக்கணக்கு எல்லாக் கணினிகளிலும் ஒன்றாக இல்லை. ஒரு கணினியில் பிரிவினை செய்யப்பட்ட அட்டை மற்றொன்றில் தொடங்க மறுப்பது இதனால்தான். எனவே அட்டை எந்தக் கணினியில் இயங்கவுள்ளதோ அதிலேயே பிரிவினை செய்வது நன்று. எம்.எஸ்.-டாஸ் 6.22 போன்ற இயக்குதளங்களில் ஒரு பிரிவினை 2 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. அக்காலத்து மென்பொருள்களுக்கு 512 மெகாபைட்டு அட்டையே தாராளம்.

புதிய அட்டைகளின் முதல் செக்டரில் கணினியைத் தொடக்கிவைக்கும் சிறு நிரல் பெரும்பாலும் இருப்பதில்லை. பிரிவினையும் வடிவமைப்பும் முடிந்தபின்னும் கணினி தொடங்காமல் நின்றுவிடுவதற்கு இது ஒரு பொதுவான காரணம். டாஸின் எஃப்டிஸ்க் கட்டளையை எம்.பி.ஆர். என்னும் தெரிவுடன் இயக்கினால் அந்நிரல் எழுதப்பட்டுவிடும்.

பழைய தரவைக் காத்தல்

வன்தட்டைக் கழற்றி வீசுவதற்கு முன் அதிலுள்ளதைப் படியெடுக்க வேண்டும். ஒருவர் எழுதிய நிரல்களோ, கடிதங்களோ, ஒரு நிறுவனத்தின் கணக்குகளோ அந்த ஒரு தட்டில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். மிகப் பழைய ஐ.டி.இ. வன்தட்டுகள், மேற்கூறிய மூன்று எண் முறையை மட்டுமே அறிந்தவை. யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் மாற்றிகள் பல அம்முறையைப் பயன்படுத்துவதில்லை. அவற்றில் இணைத்தபோது வன்தட்டு தெரியவில்லை என்பதால் அது இறந்துவிட்டது என முடிவு செய்யக் கூடாது, உண்மையான ஐ.டி.இ. இணைப்புள்ள தாய்ப்பலகையில் அதனைச் சோதிக்க வேண்டும். படிக்கும்போது, எளிதில் கிடைக்கும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான பகுதிகளைப் பின்னர் முயலும் ஜி.என்.யூ. டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருள் ஏற்றது.

இவ்வாறு எடுத்த முழுப்படியை அப்படியே அட்டையில் எழுதினால் பெரும்பாலும் கணினி தொடங்காது. பழைய தட்டின் ஹெட், செக்டர் எண்ணிக்கைகள் டாஸின் தொடக்க செக்டரில் பதிந்திருப்பதும், அட்டையின் எண்ணிக்கைகள் வேறாக இருப்பதுமே காரணம். அட்டையைப் புதிதாக வடிவமைத்துக் கோப்புகளை மட்டும் நகலெடுப்பதே வழி. முழுப்படியைத் தனியே பாதுகாக்க வேண்டும்; நகல் தடுப்புக்காகத் தட்டின் குறிப்பிட்ட இடத்தைச் சோதிக்கும் மென்பொருள்கள் கோப்பு நகலில் இயங்காமல் போகலாம்.

தேய்மானம்

ஃபிளாஷ் நினைவகத்தை எண்ணற்ற முறை அழித்தெழுத முடியாது. ஒரு கலத்தில் ஒரு பிட்டு வைக்கும் வகை ஏறத்தாழ 1,00,000 முறையும், இரண்டு பிட்டு வைக்கும் வகை சில ஆயிரம் முறையும் தாங்கும். டாஸ் போன்ற இயக்குதளங்கள் தாமாக எதையும் எழுதுவது அரிது. ஆகவே அங்கு இது கவலைக்குரியதன்று. குறைந்த நினைவகத்தில் இயங்கும் விண்டோஸ் 95 இடைவிடாது மாற்றுக்கோப்பில் எழுதும். அங்குத் தொழிலகப் பயன்பாட்டுக்கான அட்டைகள் நல்லவை. இவற்றுள் பல தம்மை நிலையான வட்டு என்று அறிவிப்பதும் ஒரு வசதி. தம்மை நீக்கத்தக்க வட்டு என்று அறிவிக்கும் சாதாரண அட்டைகளில் விண்டோஸ் எக்ஸ்.பி. முதல் பிரிவினையை மட்டுமே காட்டும்.

பிற கணினிகள்

1992இல் வெளிவந்த அமிகா 600, அமிகா 1200 ஆகியவற்றில் 44 முனை ஐ.டி.இ. இணைப்பு உள்ளேயே இருப்பதால் காம்பாக்ட் ஃபிளாஷ் நேரடியாகப் பொருந்துகின்றது. 1994க்கு முற்பட்ட மக்கின்டொஷ் கணினிகளுள் பெரும்பாலானவை ஸ்கசி இணைப்பைக் கொண்டவை. அவற்றுக்கு எஸ்.டி. அட்டையை ஸ்கசி வட்டாகக் காட்டும் ஸ்கசி2எஸ்.டி., புளூஸ்கசி ஆகிய பலகைகள் பயன்படுகின்றன. 1983இல் 10 மெகாபைட்டு வன்தட்டுடன் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி.யில் ஐ.டி.இ.யே இல்லை. அதன் 8 பிட்டு விரிவாக்கத் துளையில் பொருந்தும் எக்ஸ்.டி.-ஐ.டி.இ. அட்டையை ஆர்வலர்களே வடிவமைத்தனர். அதற்கென எழுதப்பட்ட கட்டற்ற பயாஸ் நிரலை ஒரு சில்லில் பதிந்து, பிணைய அட்டையின் காலிக் குழியில் செருகி, 286, 386 கணினிகளின் 504 மெகாபைட்டு வரம்பையும் கடக்கின்றனர்.

கருத்து வேறுபாடு

மூல உறுப்புகளுடனேயே கணினியைக் காக்க வேண்டும் எனக் கருதுவோர் இம்மாற்றத்தை விரும்புவதில்லை. வன்தட்டின் சுழல் ஒலியும் தலையின் தட்டொலியும் அக்கணினியின் இயல்பின் ஒரு பகுதி என்பது அவர்கள் வாதம். அட்டை இயங்கும்போது அத்தட்டொலியை மட்டும் எழுப்பும் சிறு பலகைகளும் விற்கப்படுகின்றன. அடாப்டருக்காகக் கணினியில் எதையும் வெட்டவோ பற்றவைக்கவோ வேண்டியதில்லை என்பதால், கழற்றிய வன்தட்டைப் பெயரிட்டு உறையிலிட்டுக் கணினியுடனேயே வைப்பவர்கள் வேண்டும்போது அதனை மீண்டும் பொருத்திக்கொள்ளலாம்.